பழி யாரைச் சேரும்: இளையோர் மீதான இணையத் தீங்கும் ஊரின் அறமும்

இளையோருக்கு இணைய வழியில் இழைக்கப்படும் தீங்கு பல வடிவங்கள் கொண்டது. முகத்தை வெட்டி வேறொரு உடலோடு ஒட்டிப் பரப்புதல், அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுதல், போலிக் கணக்கில் பழகி வசப்படுத்துதல், கூட்டாகச் சேர்ந்து கேலி செய்தல், சாதியையும் நிறத்தையும் சொல்லி இழித்தல், விடாமல் பின்தொடர்தல் ஆகியவை அவற்றுள் பரவலானவை. இவை எதிலும் யாரும் கை ஓங்குவதில்லை. ஆயினும் பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கிறது. உறக்கமும் உணவும் கெடுகின்றன. பதினெட்டு நிறையுமுன் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடப்படுகிறது. சில வேளைகளில் உயிரே போகிறது. தொடாமல் செய்த தீங்கு உடலை எப்படி வந்தடைகிறது, அதில் யார் யாருக்குப் பங்கு உண்டு, அதனால் எழும் பழி யாரைச் சேர வேண்டும் என்பவை காவல்துறையும் மருத்துவமும் மட்டும் விடை சொல்லிவிடக்கூடிய கேள்விகளாக இல்லை. சொல்லாலும் பார்வையாலும் செய்யப்படும் கொடுமையைப் பற்றிச் சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கின்றன. அவை சேர்த்து வைத்திருப்பது இங்கே நேரடியாகப் பயன்படும்.

இணையம் ஓர் உலகம், ஊர் வேறோர் உலகம் என்ற பிரிவினை மாநகரத்துக்கு ஓரளவு பொருந்தலாம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் காட்டூர் போன்ற ஊர்களுக்கு அது பொருந்தாது. அங்கே கைப்பேசி முதலில் தொழிலுக்காக வந்தது: காற்று எப்படி, இறால் என்ன விலை, ஏலம் எப்போது என்று கேட்க. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து வகுப்புகள் திரைக்கு மாறியபோது அதே கைப்பேசி பிள்ளைகளின் கைக்குப் போனது. அண்ணனும் தங்கையும் ஒரே கருவியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகள் பல. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, கிரிக்கெட் அணிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. அந்தக் குழுக்களில் இருப்பவர்களும் காலையில் குழாயடியிலும் மீன் இறங்கும் கரையிலும் நிற்பவர்களும் ஒரே ஆட்கள்தான். இரவு எட்டு மணிக்குக் குழுவில் வந்த படம் மறுநாள் விடிவதற்குள் தெருப்பேச்சாகிவிடும். திரையில் பார்த்தவர் நேரிலும் பார்க்கிறார். பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இத்தகைய ஊர்களில் பெயர் என்பது வெறும் பேச்சு விஷயமாக இருந்ததில்லை. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைப் பட்டினவர் என்னும் மீனவ சமூகத்தின் ஊர்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி பகிர்ந்துகொண்டு வந்துள்ளன. யார் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பாடு இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரம் ஊருக்கு உரியது. ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும், ஒதுக்கியும் வைக்கும். ஒரு குடும்பத்தின் மானம் போனதென்றால் அதன் பிழைப்பும் ஆட்டம் காணலாம் என்ற அச்சம் அங்கே கற்பனையானது அல்ல. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் படம் பரவும்போது அவள் வீட்டார் முதலில் அவளைப் பற்றி எண்ணாமல் ஊரைப் பற்றி எண்ணுவதன் வேர் இங்கே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளலாம், ஏற்றுக்கொள்ள முடியாது.

இணையத் தீங்கும் நேர்த் தீங்கும் தனித்தனியே நிகழ்வதில்லை என்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபிங்கெல்ஹோரும் கிம்பர்லி மிட்செலும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 10 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் நடத்திய தேசிய அளவிலான ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டில் இணையத்தில் தீங்குக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் 96 சதவீதத்தினர் அதே காலத்தில் நேரிலும் ஏதேனும் ஒரு தீங்குக்கு ஆளாகியிருந்தனர். பள்ளிக் கொடுமை பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட நார்வே அறிஞர் டான் ஒல்வேயுஸும் இணையத்தில் கேலிக்கு உள்ளாகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வகுப்பறையிலும் கேலிக்கு உள்ளாகிறவர்களே என்று வலியுறுத்தினார். ஏற்கெனவே வீட்டில் அடிபடும், பள்ளியில் ஒதுக்கப்படும், யாரிடமும் மனம்விட்டுப் பேச வழியில்லாத பிள்ளையையே திரைக்கு அப்பாலிருந்து வரும் கையும் முதலில் தேடிப் பிடிக்கிறது.

இங்கே காரண காரியத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் தொடங்கிய தீங்கு பிறகு வீட்டுக்குள் வந்து நுழைகிறது என்பதே பொதுவான எண்ணம். மிரட்டல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பல நேரங்களில் அது தலைகீழாக இருப்பது தெரியும். மிரட்டுபவன் சொல்வது ஏறக்குறைய எப்போதும் ஒரே வாக்கியம்: “உங்க அப்பாகிட்ட அனுப்பிடுவேன்.” அந்த வாக்கியத்துக்கு வலிமை தருவது அவன் கையில் உள்ள படமா? அப்பா என்ன செய்வார் என்று அந்தப் பெண் அறிந்து வைத்திருப்பதுதான் அதற்கு வலிமை. அடி விழும், கைப்பேசி பிடுங்கப்படும், பள்ளிக்குப் போவது நிற்கும், அம்மாவுக்கும் சேர்த்து வசவு விழும். ‘என்னடி ஆச்சு, பயப்படாதே’ என்று கேட்கும் வீட்டில் வளரும் பிள்ளையிடம் அதே படத்தை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் வாங்க முடியாது. வீட்டின் தண்டனையே அவனுடைய முதலீடு. நேர் வாழ்வில் தயாராகக் காத்திருக்கும் தீங்கு இணையத் தீங்குக்கு முன்நிபந்தனையாகிவிடுகிறது.

பையன்களுக்கும் இதே கணக்குத்தான். வெளியே சொல்வது அவர்களுக்கு இன்னும் கடினம். ‘ஆம்பளப் பையன், இதுக்குப் போய் அழுவியா’ என்ற ஒரு கேள்வி போதும், அவர்கள் வாயை அடைக்க.

தமிழ்நாட்டில் இது மிக வெளிப்படையாகத் தெரிந்த நிகழ்வுகளில் ஒன்று 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நடந்தது. பட்டப்படிப்பு முடித்த 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் வெளியிட்டார்கள். வீட்டார் காவல்துறையை நாடினார்கள். நடவடிக்கை எடுப்பதற்குள் நாட்கள் ஓடின. மீண்டும் ஒரு படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்த குறிப்பின் சாரம் அந்தப் படங்களைத் தான் அனுப்பவில்லை, தன்னை நம்புங்கள் என்று பெற்றோரிடம் வைத்த வேண்டுகோள். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். குற்றம் செய்தவனைப் பற்றி அந்தக் குறிப்பு கவலைப்படவில்லை. சொந்த வீடு தன்னை நம்புமா என்பதே அதன் கவலை. இந்தப் பொருள் பற்றி எழுதப்படும் எந்த நூலும் அந்த ஒரு வேண்டுகோளைத் தாண்டிச் செல்ல முடியாது.

2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. இணைய வழி நட்பாகப் பழகி, நம்பிவந்த பெண்களைத் துன்புறுத்தி, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கொண்டே மீண்டும் மீண்டும் மிரட்டினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் தரும் வரை எவரும் வாய் திறக்காததற்குக் காரணம் மேலே சொன்ன அதே அச்சம். புகார் தந்த பிறகு நடந்தவையும் நினைவில் இருத்தத் தக்கவை. அந்தப் பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் வழியாகவே வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வேறொரு பெண் “அண்ணா” என்று கெஞ்சும் குரல் பதிவான காட்சி தமிழ்நாடு முழுவதும் கைப்பேசிகளில் சுற்றியது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கோபத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறை அது அனுப்பப்பட்டபோதும் அந்தப் பெண்ணின் அலறல் இன்னொரு வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கொடுமையை நீட்டிக்க முடியும் என்பதைப் பொள்ளாச்சி காட்டிவிட்டது.

‘அது வெறும் படம்தானே, கண்டுகொள்ளாமல் விடு’ என்பது ஆறுதலாகச் சொல்லப்படும் பேச்சு. இதற்கு மதிப்புமிக்க தத்துவப் பின்புலமும் உண்டு. ஆன்மாவை வாள் வெட்டாது, தீ எரிக்காது என்கிறது கீதை. நிகழ்ச்சிகள் மனிதரை வருத்துவதில்லை, அவற்றைப் பற்றிய எண்ணமே வருத்துகிறது என்றார் கிரேக்க ஸ்டோயிக் அறிஞர் எபிக்டெட்டஸ். பௌத்த மரபில் இதற்கு ஓர் அழகான கதை இருக்கிறது. சினம் கொண்டு வந்து வாயாரத் திட்டிய ஓர் அந்தணரிடம் புத்தர் கேட்டாராம்: விருந்தினருக்குப் படைத்த உணவை அவர்கள் ஏற்காவிட்டால் அது யாருடையது? படைத்தவருடையதே என்று அவர் விடை சொல்ல, அப்படியானால் நீ தந்த வசவை நான் ஏற்கவில்லை, அது உன்னிடமே இருக்கட்டும் என்றார் புத்தர்.

இந்தப் போதனைகள் ஆழமானவை. ஆனால் யாருக்காகச் சொல்லப்பட்டவை என்பது முக்கியம். எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்தவர். தன் மனத்தைக் காத்துக்கொள்ளத் தானே தேர்ந்த வழியைச் சொன்னார். அதையே பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வெளியிலிருந்து கட்டளையாகச் சொன்னால், ‘உன் வலிக்கு நீயே பொறுப்பு’ என்று ஆகிவிடும். புத்தர் கதையில் வசவு நேருக்கு நேர் வந்தது. ஏற்பதும் மறுப்பதும் ஒருவர் கையில் இருந்தது. பழவேற்காட்டுத் தெருவில் அந்த உணவு ஊர் முழுக்கப் பந்தி போட்டுப் பரிமாறப்பட்டுவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் மட்டும் இலையை மடித்துவிட்டால் போதாது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க வேண்டும். மனிதர் தம்மை அறிவதில் பாதி பிறர் கண் வழியாகவே நடக்கிறது. வளரும் பருவத்தில் அது பாதிக்கும் மேல். பிறர் கண்ணில் ஒருவரை அழிப்பது அவரையே அழிப்பதில் ஒரு பகுதி. யூதர்களின் தல்மூத் இதை உணர்ந்து, பலர் முன்னிலையில் ஒருவரை வெட்கப்படுத்துவதை இரத்தம் சிந்துவதற்கு ஒப்பாக வைத்தது: வெட்கியவரின் முகத்திலிருந்து சிவப்பு வடிந்து வெளுப்பதைக் கண்ணாரக் காணலாம் என்று விளக்கமும் தந்தது.

பழவேற்காட்டில் மூன்று சமயத்தாரும் கூப்பிடு தூரத்தில் வாழ்கிறார்கள். அம்மன் கோயில்கள், பழமையான பள்ளிவாசல்கள், போர்ச்சுக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் ஆகிய எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கும். இந்த மூன்று மரபிலும் பொதுவெளியில் அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை நடுநாயகமாக இருக்கிறது. மூன்றும் ஒன்றுபோல் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கின்றன.

வட தமிழகத்து ஊர்களில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. தெருக்கூத்தில் துகிலுரிதல் ஆடப்படுகிறது. சபைக்கு இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி அழுததை விடக் கேள்வி கேட்டதே அங்கே பெரிது: தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க முடியுமா? பீஷ்மரும் துரோணரும் இருந்த சபை பதில் சொல்லவில்லை. கௌரவர்களில் விகர்ணன் ஒருவனே வாய் திறந்தான், அவனையும் அடக்கினார்கள். துச்சாதனன் கை செய்த கொடுமைக்குச் சமமாகச் சபையின் மௌனமும் அந்தக் கதையில் குற்றமாகவே நிற்கிறது. பிறகு மக்கள் கோயில் கட்டியது அவமானப்படுத்தப்பட்டவளுக்கு. அவளுக்குத் தீமிதிக்கும் அதே ஊரில் ஒரு பெண்ணின் படம் பரவும்போது ‘அவள் ஏன் படம் எடுத்துக்கொண்டாள்’ என்று கேட்பது வழிபடுகிற தெய்வத்தை மறந்த பேச்சு.

இஸ்லாமிய மரபில் நபிகள் நாயகத்தின் மனைவி ஆயிஷா நாயகி மீது சுமத்தப்பட்ட அவதூறு பெரும் நிகழ்வு. ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்தணியைத் தேடிச் சென்ற அவரை அறியாமல் கூட்டம் புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த சஃப்வான் என்பவர் தம் ஒட்டகத்தில் அவரை ஏற்றி அழைத்து வந்தார். அவ்வளவுதான் நடந்தது. மதீனாவில் ஏறக்குறைய ஒரு மாதம் வதந்தி ஓடியது. நோயுற்றிருந்த ஆயிஷாவுக்கே அது கடைசியில்தான் தெரிந்தது; பெற்றோர் வீட்டுக்குப் போய் உறக்கமின்றி அழுதார். இறுதியில் குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்து வசனங்கள் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தன. அந்த வசனங்களின் கண்டிப்பு யார் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டிவிட்டவர் மீது மட்டும் அன்று. அறியாத ஒன்றை நாவால் வாங்கி வாயால் பரப்பியவர்கள் மீதும், அதை அற்பமாக எண்ணியவர்கள் மீதும், கேட்டவுடன் ‘இது பொய்’ என்று சொல்லத் தவறிய நல்லவர்கள் மீதும் அது விழுகிறது. கற்புள்ள பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடியும், அதன்பின் அவர் சாட்சியம் ஏற்கப்படாது என்ற நிலையும் அங்கே விதிக்கப்படுகின்றன. நிரூபிக்கும் சுமை முழுவதும் பழி சொன்னவர் தோளில் இறங்குகிறது. பெண்ணை நோக்கி ‘நீ நிரூபி’ என்று கேட்கும் வழக்கத்துக்கு அதில் இடமில்லை.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலோடு சேர்ந்து வரும் சூசன்னாவின் கதை மிரட்டலின் முழு இயந்திரத்தையும் திறந்து காட்டுகிறது. தோட்டத்தில் தனித்திருந்த சூசன்னாவிடம் ஊர்ப் பெரியவர்கள் இருவர், தங்களுக்கு இணங்காவிட்டால் ஓர் இளைஞனோடு இருந்ததாகச் சாட்சி சொல்வோம் என்கிறார்கள். அவர்கள் கையில் படமும் இல்லை, பதிவும் இல்லை. பெரியவர் சொன்னால் ஊர் நம்பும் என்ற உறுதி மட்டும் இருக்கிறது. ஊரும் நம்புகிறது, சாவுத் தண்டனையும் விதிக்கிறது. இளைஞன் தானியேல் குறுக்கிட்டு இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரம் சொல்ல, மற்றவர் வேறு மரம் சொல்கிறார். அந்த ஒற்றைக் கேள்வியை முன்பே யாரேனும் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாத அளவுக்கு ஊர் அவசரப்பட்டது. ஒட்டுப்படம் எது, உண்மைப் படம் எது என்று கண்ணால் பிரிக்க முடியாத செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் தானியேலின் நிதானம் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் படம் உண்மையாகவே இருந்தாலும் பழி இடம் மாறாது. நம்பிக் கொடுத்ததை வெளியிட்டவன் செய்தது துரோகம். நம்பியவர் செய்தது அதிகம் போனால் ஒரு தவறான கணிப்பு.

பங்கு யார் யாருக்கு என்பதைச் சமணம் மிக நுணுக்கமாகப் பிரித்திருக்கிறது. சென்னையிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியிலுள்ள புழலில் ஆதிநாதர் கோயில் இருப்பது, இந்த மரபு தொண்டை மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதற்குச் சான்று. மனத்தால், சொல்லால், உடலால் தீங்கு நிகழலாம். அவை ஒவ்வொன்றையும் தானே செய்யலாம், பிறரைக் கொண்டு செய்விக்கலாம், செய்ததற்கு உடன்படலாம். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதனோடு எண்ணுதல், ஏற்பாடு செய்தல், தொடங்குதல் என்ற மூன்று கட்டங்களையும், சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கு உந்துதல்களையும் பெருக்கி 108 வகை காட்டுகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றை இந்த அளவுகோலால் அளந்தால் ஒருவரும் தப்ப முடியாது. படத்தை ஒட்டியவன் செய்தவன். ‘போடுடா பார்ப்போம்’ என்று தூண்டியவன் செய்வித்தவன். சிரிப்புப் பொம்மை போட்டவன் உடன்பட்டவன். நானூறு பேர் கொண்ட குழுவில் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களை எந்த வகையில் சேர்ப்பது? அவர்கள் கண்ணுக்காகத்தான் அது போடப்பட்டது என்பதால், உடன்பாட்டுக்கு வெளியே அவர்களை நிறுத்துவது எளிதன்று.

பார்ப்பதும் ஒரு செயலே என்ற முடிவுக்கு இந்தியச் சட்டமும் அண்மையில் வந்து சேர்ந்தது. அதற்கு வழி திறந்தது பழவேற்காட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அம்பத்தூரில் பதிவான வழக்கு. குழந்தைகளைப் பாலியல் செயலில் காட்டும் காட்சிகளைக் கைப்பேசியில் வைத்திருந்த இளைஞர் மீதான வழக்கை, தனிமையில் வைத்திருந்ததும் பார்த்ததும் குற்றமாகாது என்று கூறி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அத்தகைய காட்சியை அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருத்தல், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ் வரும் என்றது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லாட்சியையே கைவிட்டு, அதைக் குழந்தை மீதான பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவு என்று குறிக்கும்படியும் சொன்னது. ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும் அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது தொடர்கிறது என்ற கருத்து அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

தமிழ் மரபில் இந்தப் பொருளை மிக அருகில் தொடுவது திருக்குறள். மிகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுவே. மானம் என்னும் அதிகாரத்தில், மயிர் நீங்கினால் வாழாத விலங்கைச் சுட்டி, மானம் போகும் நிலை வந்தால் உயிர்விடுவோரைப் போற்றுகிறார் வள்ளுவர். மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் இந்தக் கருத்தை, படம் பரவியதால் நொறுங்கிக் கிடக்கும் ஒரு பெண் எப்படிக் கேட்பாள் என்று பேசுபவர்கள் எண்ண வேண்டும். அந்த அதிகாரம் முழுவதையும் சேர்த்துப் படித்தால் அது பேசுவது வேறு: பிழைப்புக்காகவோ புகழுக்காகவோ ஒருவர் தானே முன்வந்து தன்னைத் தாழ்த்திக்கொள்வதைப் பற்றி. பிறர் ஒருவருக்குச் செய்த கொடுமையால் அவர் மானம் போய்விடும் என்று அந்தப் பத்துக் குறளில் எங்கும் இல்லை. நாணுடைமை அதிகாரம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. நாணம் என்பது தகாத செயலைச் செய்ததால் வருவது என்று முதற்குறளிலேயே வரையறுத்து, மகளிரின் இயல்பான கூச்சத்தை அதிலிருந்து தனியே பிரித்துவைக்கிறார். பிறருக்கு வரும் பழியையும் தமக்கு வந்ததாக எண்ணி நாணுபவரையே நாணத்தின் உறைவிடம் என்கிறார். இதைக் காட்டூரில் வைத்துப் பார்த்தால், படம் பரவிய இரவில் நாண வேண்டியவர்கள் அதை ஒட்டியவனும் அனுப்பியவர்களும். அடுத்தபடியாகத் தங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்ததே என்று ஊரார். அந்தப் பெண் அந்த வரிசையிலேயே வர மாட்டாள்.

செய்தவனும் பல நேரங்களில் ஒரு பிள்ளையே என்பது இந்தப் பொருளின் கடினமான பகுதி. வகுப்புத் தோழன், உறவுக்காரப் பையன், எதிர்வீட்டுக்காரன் என்று தெரிந்த முகமாகவே அவன் இருப்பதுண்டு. பொறுப்புக்கு வயது வரம்பு உண்டு என்பதைச் சமயங்களும் சட்டமும் ஒப்புகின்றன. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் இந்தியச் சட்டத்தில் குற்றமாகாது. பதினெட்டு வரை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் தனிப்பாதை உண்டு. அவனைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. அந்த நம்பிக்கையைச் சாக்காக வைத்து, ‘சின்னப் பையன், விளையாட்டா செஞ்சுட்டான்’ என்று பாதிக்கப்பட்டவள் முன்னால் சொல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை.

அடுத்து வருவது ஊர்க்கூட்டம் என்ன செய்யலாம் என்ற கேள்வி. மீனவர் ஊர்களில் வலை கிழிந்த தகராறு முதல் குடும்பச் சண்டை வரை அங்கேதான் பேசித் தீர்க்கப்பட்டு வந்தது. இந்த விஷயத்தில் பேசித் தீர்த்தல் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடிகிறது: பையன் வீட்டார் தண்டம் கட்டுவது, அல்லது அவனுக்கே பெண்ணைக் கட்டிவைப்பது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தில் இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. 21ஆம் பிரிவு தெரிவிக்காதவருக்குத் தண்டனை வைக்கிறது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம். 1098 என்ற எண் குழந்தைகளுக்கான உதவிக்கு உள்ளது. மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் பேச 14416 என்ற எண் உள்ளது. ஒருவரின் அந்தரங்கப் படமோ உருமாற்றிய படமோ பரவினால் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனம் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வரையறுத்தன.

ஆனால் சட்டம் தொட முடியாத ஒன்றை ஊர்க்கூட்டத்தால் செய்ய முடியும். சட்டம் பெயரை மறைத்துக் காக்கிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் மறைக்கப்பட்ட பெயரும் தெரிந்த பெயரே. எனவே அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் எதுவும் பேச வேண்டியதில்லை, பேசவும் கூடாது. ‘இப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பவர் அழிக்க வேண்டும், அனுப்பியவர் நம் ஊருக்குப் பழி சேர்த்தவர், எந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் இதனால் நிற்கக் கூடாது’ என்று பொதுவாக, முன்கூட்டியே, யாருடைய பெயரும் அடிபடாத காலத்தில் ஊர் ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். பாடு முறையைத் தலைமுறைகளாக நடத்தத் தெரிந்த ஊர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நடத்துவது புதிதாக இருக்காது. அப்படி ஒன்று இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், ‘ஊரே உன்னைத் துப்பும்’ என்ற மிரட்டலின் பாதி பலம் அன்றே போய்விடும்.

கெடுத்த பெயரைத் திருப்பித் தர முடியுமா என்பது கடைசிக் கேள்வி. இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் மன்னிக்காமல் அது தீராது என்பது இஸ்லாமிய அறிஞர்களின் நிலை. பிறர் நற்பெயரைக் கெடுத்தவர் பாவமன்னிப்புப் பெற்றால் மட்டும் போதாது, கெடுத்ததை ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்றார் 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். பொய் சொன்னவர் பொய் என்று ஒப்ப வேண்டும். பெயரை மீட்க இயலாத இடத்தில் வேறு வகையில் ஈடு தர வேண்டும். பரவிய படத்தை முழுவதும் திரும்ப எடுக்க இன்றைய தொழில்நுட்பத்தால் இயலவில்லை என்பதால், அக்குவினாஸ் சொன்ன இரண்டாம் வழிதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. பொள்ளாச்சி வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தபோது, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. முதல் புகாருக்கும் அந்த நாளுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. அவ்வளவு காலமும் அந்தப் பெண்கள் சாட்சி சொல்வதிலிருந்து பின்வாங்கவில்லை.